ஐந்தாவது இடத்தில் எங்கள் வயல்

அவர் லஞ்சம் வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. வாங்குகிற ஆளை வாய் நிறையத் திட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். இவரைத் திட்ட வாயெடுத்தால் தென்காசியில் நாலு பேர் குறுக்கே வருவார்கள். "அவிய கை சுத்தம்லா," என்பார்கள். சுத்தம்தான். அதற்கு நானே சாட்சி சொல்வேன். அந்தச் சுத்தத்தால் எங்கள் ஊருக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இந்தப் பக்கத்துத் தொகுதி ஒன்றில் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். பெயர் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் தென்காசியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவர் சட்டசபையில் பேச வேண்டியதையெல்லாம் என் கடையில்தான் அடித்துக்கொண்டு போவார். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இருந்தது, ஆளும் இருந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லி, சொன்னதை மாற்றி, மாற்றியதைத் திரும்ப மாற்றினால் பொறுத்துக்கொள்கிற ஆள் நான்தான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். மெலிந்த ஆள், கரையில்லாத வேட்டி, நெற்றியில் மெல்லிசாகத் திருநீறு. வெள்ளிக்கிழமை ஒரு பொழுதுதான் சாப்பாடு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் கடைக்குள் வருவார். இது கடைதானே, செருப்போடு வாருங்கள் என்று சொன்னால், "தொழில் நடக்குத இடம்மா," என்பார். முதலில் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவருக்கு உலகத்தில் எல்லாமே வரிசைதான். எதைச் சொன்னாலும் முதலில் எது, இரண்டாவது எது என்று கேட்பார். ஒரு சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர், கதறிக்கொண்டிருந்த மகனைத் தனியே கூப்பிட்டு, "மொதல்ல டாக்டர் சர்டிபிகேட்டு வாங்கியாச்சா? அத முடி. அழுகை எங்கயும் போகாது," என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் பிறகு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவர் மனைவி ஒருநாள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் என்னிடம், "வீட்லயும் இதே கததாம்மா. நான் கேட்ட கிரைண்டர் மூணு வருசமா ரெண்டாவது எடத்துல இருக்கு. மொத எடத்துல என்ன இருக்குன்னு கேட்டா, ஒனக்குப் புரியாதுங்காவ," என்று சிரித்தார். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாநிலத்துக்கும் அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். பட்ஜெட் கூட்டத்தொடர் வந்தால் போதும், அதே தலைப்பு: மாநிலப் பொருளாதாரத்துக்கு ஐந்து முன்னுரிமைகள். முதலாவது, அரசு கடன் வாங்குவதைக் குறைப்பது. இரண்டாவது, தொழில் தொடங்க வருகிறவனுக்குக் குறுக்கே நிற்காமலிருப்பது. மூன்றாவது, இலவசங்களை நிறுத்துவது. நான்காவது, கோயில்களும் அருவிகளும் இருக்கிற ஊர்களுக்கு நல்ல ரோடு. ஐந்தாவது விவசாயம். எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. வார்த்தைகள் மாறும், உதாரணம் மாறும், வரிசை மட்டும் மாறாது.

மூன்றாவதை முதன்முறை அடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பெண்களுக்குப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்பது நாட்டுக்கு எவ்வளவு கெடுதல் என்று நீளமாகச் சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்திவிட்டு, "நீ எதுல வருத?" என்றார்.

"டவுன் பஸ்லதான் சார். இலத்தூர்ப் பக்கம் எங்க ஊரு."

"டிக்கெட்டு?"

"இல்ல சார்."

"ஒழைக்குதவ நீ. ஒனக்கு எதுக்கும்மா ஓசி? கைய நீட்டிப் பழகுனா மடக்க வராது." கோபமாகச் சொல்லவில்லை. பெற்ற மகளுக்குப் புத்தி சொல்வதைப் போலச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு அதையும் அடித்தேன். மறுநாள் பஸ்ஸில் ஏறும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கூச்சத்தின் மேல்தான் ஆத்திரம் வருகிறது. எந்தத் தப்பும் செய்யாத என்னைக் கூச வைத்துவிட்டு அவர் காரில் ஏறிப் போனார்.

விவசாயம் ஏன் ஐந்தாவது என்று ஒருமுறை கேட்டேன். அப்பாவுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் நெல்வயல், அதனால் கேட்டேன்.

"அஞ்சாவதுன்னா கேவலமில்லம்மா. அஞ்சுல ஒண்ணுல்லா," என்றார்.

சொல்கிற தோரணையில் அது சரியாகத்தான் பட்டது. அவர் சொல்கிற எல்லாமே சொல்லும்போது சரியாகத்தான் படும்.

மனுக் கொடுக்க வருகிறவர்களிடமும் இதே வரிசைதான். பத்துக் கோரிக்கையோடு வந்தால் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "ஒண்ணச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. அதச் செஞ்சு தாறேன்," என்பார். ஒரு ஊருக்கு ஒரு பதவிக்காலத்தில் ஒரு காரியம். அதற்குமேல் கேட்டால் அடுத்த ஊருக்காரன் பங்கில் கை வைப்பது என்பது அவர் வாதம்.

இது எப்படி நடக்கும் என்பதை ஐந்தருவியில் கண்ணால் பார்த்தேன். சீசன் தொடங்குவதற்கு முன்னால் கடை போடுகிறவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். அங்கேயே அடித்துக் கையெழுத்து வாங்க என்னையும் லேப்டாப்போடு கூட்டிப்போயிருந்தார். ஏழு கோரிக்கை எழுதி வைத்திருந்தார்கள். ஒண்ணைச் சொல்லுங்க என்றுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் கடைக்குக் கூரை வேண்டும் என்றார்கள். ஒருவர் விளக்கு என்றார், இன்னொருவர் குடிதண்ணீர் என்றார். ஒரு மணி நேரம் சத்தம். கடைசியில் நேந்திரம் சிப்ஸ் போடுகிற ஒரு அக்கா எழுந்தார்.

"அண்ணாச்சி, விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாறோம். கடை எடுக்க ராத்திரி ஆயிருது. பொம்பளைங்க ஒதுங்க எடமில்ல. வயித்துக்கு ஒண்ணும் குடிக்காமயே நிக்கோம். அத மட்டும் செஞ்சு குடுங்க, போதும்."

அவர் கண்ணைத் திறந்தார். "எழுதிக்கோம்மா," என்றார் என்னிடம். அடுத்த சீசனுக்கு முன்னால் கடைக்காரப் பெண்களுக்குக் கழிப்பறை வந்துவிட்டது. கதவு, தாழ்ப்பாள், தண்ணீர் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இரண்டு தடவை நேரில் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார். அந்த அக்கா இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுகிறார். அந்த அக்காவிடம் போய் நான் என்ன சொல்ல முடியும்?

இனி எங்கள் ஊர்க் கதை.

எங்கள் குளத்து மடையின் ஷட்டர் துருப்பிடித்து அடிப்பகுதி பிய்ந்துபோயிருந்தது. தண்ணீரைத் திறக்கவும் அடைக்கவும் இருக்கிற இரும்புப் பலகை அது ஒன்றுதான். சாக்கில் மண்ணைக் கட்டி முட்டுக் கொடுத்து நாலைந்து வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தோம். குளத்தில் தண்ணீர் நின்றால் மழைக்காலப் பிசானப் பருவத்துக்கு நெல். நிற்காவிட்டால் வயலில் மாடு மேயும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அவர் வருகிறார் என்றதும், என்ன கேட்பது என்று முடிவு செய்யக் கோயில் முன்னால் கூடினார்கள். மடை என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய கூட்டம்.

என் பெரியப்பாதான் எழுந்து பேசினார். ஊரில் அவர் வைத்ததுதான் முடிவு.

"மனுசன் சாமி கும்புடுதவரு. மொத மொத வாறாரு. வந்ததும் வராததுமா மடைய குடு, ஷட்டர குடுன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? காரியத்துக்குன்னு காத்துக் கெடந்த பயலுவன்னு நெனைப்பாருல்லா. கோயில் வாசலுக்குக் கல்லுப் பதிச்சுத் தாங்கன்னு கேப்போம். மனசு குளிந்து செய்வாரு. பொறவு மடைய நாம கேக்கவே வேண்டாம், அவரே பாத்துச் செய்வாரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிடச் சொன்னால்கூட முதல் தடவை வேண்டாம் என்று சொல்லிப் பழகிய ஜனம். சொந்தத் தேவையை முதல் வாயில் கேட்பது எங்களுக்குப் பெரிய அசிங்கம்.

"பெரியப்பா, அவிய ஒண்ணுதான் குடுப்பாவ. ரெண்டாவது கெடையாது. நான் பாத்திருக்கேன்," என்றேன்.

"அதெல்லாம் வெளி ஆளுவளுக்குச் சொல்லுததுட்டி. நீ டைப்பு அடிக்குத வேலையப் பாரு."

அப்பா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் கடையில் உட்கார்ந்து அந்த மனுவை நானே அடித்தேன். கோயில் வாசலில் பேவர் கல் பதித்துத் தருமாறு ஊர்ப் பொதுமக்கள் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று ஒரு பிழையில்லாமல் அடித்தேன்.

அவர் வந்தார். சாமி கும்பிட்டார். மனுவை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து, "இதானா ஒண்ணு?" என்றார்.

"ஆமா சார்," என்றார் பெரியப்பா.

"நல்லா யோசிச்சாச்சா? இதான் ஒண்ணா?"

"ஆமா சார். சாமி காரியம்லா."

அவர் என்னையும் பார்த்தார். நான் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசின பெண் என்று பெயரெடுக்கப் பயந்துகொண்டு நின்றேன்.

ஆறு மாதத்தில் கல் வந்தது. சிவப்பும் மஞ்சளுமாக, மட்டம் பார்த்து அழகாகப் பதித்தார்கள்.

அந்த வருடம் புரட்டாசி பிறந்ததும், மடைக்காகத் தனியாக ஒரு மனு அடித்து வைத்துக்கொண்டு அவர் கடைக்கு வருகிற நாளுக்காகக் காத்திருந்தேன். வந்து உட்கார்ந்ததும் கையில் கொடுத்தேன். படித்தார். மடித்து மேசைமேல் வைத்தார்.

"ஒங்க ஊருக்குக் குடுத்தாச்சேம்மா."

"சார், பலக பிஞ்சுபோச்சு. சாக்குதான் தாங்கிட்டு இருக்கு. இந்த மழைக்கு நிக்காது. நாப்பது குடும்பம் சார்."

"புரியுது. என் பட்டியல்ல இன்னும் பதினோரு ஊரு இருக்கு. அதுல ஒரு ஊருக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ரோடே இல்ல. ஒங்க ஊருக்கு ரெண்டு குடுத்தா அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? நீ என் பேச்ச அடிச்சுக் குடுக்குத, அதுக்காக ஒங்க ஊருக்குச் செஞ்சேன்னு வரக் கூடாதும்மா. ஒனக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்."

நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

"நீங்க கொளத்துக் கரை வழியாத்தான் ஊருக்குள்ள வந்தீங்க. சாக்கு மூடையெல்லாம் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேனே. அதாம்மா ரெண்டு தடவ கேட்டேன்."

அமைதியாகச் சொன்னார். பார்த்திருக்கிறார். ஊர் தப்பாகக் கேட்கிறது என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும், விதி விதிதான் என்று கேட்டதையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மனுவில் இல்லாத மடை அவருக்கு இல்லாத மடைதான். கூச்சப்படுகிற ஜனம் கூச்சத்தால் கெட்டுப்போகட்டும், அடுத்த தடவை சரியாகக் கேட்கக் கற்றுக்கொள்ளும் என்று நினைத்திருப்பார். நாற்பது குடும்பத்தின் சோற்றில் என்னய்யா பாடம் வேண்டியிருக்கிறது?

அன்றைக்கும் பேச்சை அடித்துத்தான் கொடுத்தேன். நிறையப் பிழை விழுந்தது. பொறுமையாகத் திருத்தினார்.

கார்த்திகையில் குளம் நிறைந்தது. நிரம்பிய தண்ணீர் மறுகாலில் வழிந்து விழுகிற சத்தத்தைக் கேட்டு ஊரே சந்தோஷப்பட்டது. மார்கழி தொடக்கத்தில் ஒரு விடியலில் மடை பிய்த்துக்கொண்டது. ஆட்கள் ஓடிப் போய்க் கட்டிலைக்கூடக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று சாக்கைத் திணித்தார். ஒன்றரை நாளில் குளம் காலி. நெல் அப்போது கதிர் உள்ளே கட்டுகிற பொதிப் பருவத்தில் இருந்தது, தண்ணீர் கட்டாயம் வேண்டிய நேரம். பிறகு மழை இல்லை. கதிர் வெளியே வந்தது, மணி பிடிக்கவில்லை. வயல் முழுக்கச் சாவி, வெறும் பதர். அறுத்து மாட்டுக்குப் போட்டோம்.

மடையைச் சரிசெய்ய அதிகாரிகளுக்கு எழுதினோம். கோப்பு நகர்கிறது என்றார்கள். அடுத்த பிசானத்துக்கு நடவே இல்லை. அதற்குள் ரிசார்ட் கட்ட இடம் தேடி ஒரு வெளியூர்க் கம்பெனி வந்தது. அருவியிலிருந்து அதிக தூரமில்லை, மலை தெரிகிறது, நல்ல ரோடு வந்துவிட்டது. அவருடைய நான்காவது முன்னுரிமை எங்கள் ஊர் வாசல் வரைக்கும் வந்திருந்தது. பெரியப்பாதான் முதலில் கொடுத்தார். சுற்றி இருந்தவர்களும் கொடுத்தார்கள். நடுவில் ஒன்றே முக்கால் ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டு வாய்க்காலை யார் நிலத்தில் வெட்டுவது? அப்பாவும் கையெழுத்துப் போட்டார். இப்போது அந்த ரிசார்ட்டிலேயே புல்தரைக்குக் குழாய் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை அவருக்கு.

ரிசார்ட் திறந்த வருடம் பட்ஜெட் பேச்சு அடிக்க எம்.எல்.ஏ. கடைக்கு வந்தார். வழக்கம்போல் ஐந்து முன்னுரிமைகள். இரண்டாவதில் ஒரு புது வரி சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். சொல்லச் சொல்ல அடித்தேன். "எனது தொகுதியில் இலத்தூர் அருகே, பயனற்றுக் கிடந்த தரிசு நிலத்தில், அரசின் ஒரு பைசா செலவில்லாமல் ஒரு சுற்றுலா விடுதி எழுந்து, உள்ளூர் மக்களுக்கு வேலை தருகிறது."

நான் கையை எடுத்துவிட்டேன்.

"என்னம்மா?"

"சார், அது தரிசு இல்ல. எங்க அப்பா வயலு."

அவர் முகம் மாறியது. உண்மையாகவே மாறியது. கையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தார், யாரோ ஒரு அதிகாரி கொடுத்த குறிப்பு. "தரிசுன்னுல்லா குடுத்திருக்காங்க," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த மனிதர் இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். தப்பு நடந்துபோச்சும்மா என்று சொல்லியிருந்தால் போதும். பாவி, அன்றோடு என் கோபம் தீர்ந்திருக்கும்.

"அப்பம் அத எடுத்துரு," என்றார். "பயனற்றுக் கிடந்த தரிசு நிலம்னு வேண்டாம். விளைநிலம்னு போடு. சபையில பொய் சொல்லக் கூடாது."

"மீதி வரி?"

"மீதி உண்மைதானம்மா."

அடித்தேன். இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். காசை எண்ணி வைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதற்கடுத்த தேர்தலில் அவருக்கு சீட் கிடைக்கவில்லை. நல்ல மனிதரை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஊரே வருத்தப்பட்டது.

அன்று நான் அடித்துக் கொடுத்ததை அவர் சபையில் பேசிய வீடியோ இரண்டு நாளில் போனுக்கு வந்திருந்தது. விளைநிலம் என்றுதான் வாசித்தார். நிறுத்தி, அழுத்தமாக வாசித்தார். வேலை தருகிறது என்று முடித்ததும் அவர் கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். அன்று சாயங்காலம் அப்பா வேலை முடிந்து, முழங்கால் வரை மடித்துக் கட்டின சாரத்தோடு வந்து உட்கார்ந்தார். பார்க்கட்டும், பார்த்து வயிறெரிந்து திட்டட்டும், நானும் சேர்ந்து திட்டலாம் என்று போனை அவர் கையில் கொடுத்தேன். முழுக்கக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"நம்ம வயலயா சொல்லுதாரு?" என்றார்.

"ஆமா."

"சட்டசபைலயா?"

அப்பா முகத்தில் லேசாக ஒரு பெருமை தெரிந்தது. அதற்காகத்தான் அந்த மனிதரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.